ஏழு புள்ளி ஆறு

கங்கைகொண்டான் சிப்காட், இரவு ஷிப்ட்.
ஒரு சாண் நீளக் கண்ணாடி இழை,
தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன்.
தலைப்பக்கம் சின்ன உலைக்குள்,
நுனி வெளியே தொங்குகிறது.
அதை இழுக்க ஒருவருமில்லை,
அதன் சொந்த எடையைத் தவிர.

நிமிடத்துக்கு ஐந்து டிகிரி ஏற்றுகிறேன்.
நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்
அது நீளத் தொடங்கும்போது
வெப்பத்தைக் குறிக்க வேண்டும்.
பாகுநிலையின் மடக்கை அங்கே ஏழு புள்ளி ஆறு.
எல்லாக் கண்ணாடிக்கும் அதே எண்தான்.
டிகிரிதான் ஆளுக்கு ஆள்.

பாகு என்றதும்
அல்வா மாதிரியா என்கிறார்கள், வெளியூர்க்காரர்கள்.
ஆயிரத்து நானூறில் தேன் மாதிரி, சரி.
ஐந்நூற்றைம்பதில் எதைச் சொல்ல?
தொட்டால் கல்.
ஆனாலும் கால்மணி நேரம் அந்தச் சூட்டில் விட்டால்
உள்ளே இருக்கிற இறுக்கம் தானாகத் தணிகிறது.

தெர்மோகப்பிள் மாற்ற வந்த வேதமாணிக்கம்
பிளாஸ்கைத் திறந்துகொண்டே கேட்டான்:
"பாளையங்கோட்டையில எங்க கோயில் சன்னல்,
கீழ தடிச்சிருக்கு, பாத்திருக்கியளா?
நூறு வருசமா கண்ணாடி வழிஞ்சிக்கிட்டே இருக்குன்னு
ஐயரு சொன்னாவ."

வளைகோட்டை இடப்பக்கம் நீட்டினேன்,
அக்னி நட்சத்திரத்து நாற்பத்தொன்று வரைக்கும்.
தாளைத் தாண்டிற்று.
மேசை, சுவர், கூரைத் தகரம்,
கோடு ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.
"சூரியன் அணைஞ்ச பொறவும்
ஒரு மயிரிழை எறங்கியிருக்காது.
மாட்டுனவன் தடிச்ச ஓரத்தக் கீழ வச்சிருப்பான்."

அவன் டீயை ஆற்றினான்.
தேவைக்கு மேலேயே ஆற்றினான்.
"அப்பம் அது சும்மா நிக்கி."
ஆமா என்றேன்.
சரியான பதில்தான்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எழுநூற்று முப்பத்தொன்றில் இழை அசைந்தது.
நேற்று எழுநூற்றுப் பத்தொன்பது.
தொட்டி உலைக்குப் போன் போட்டேன்.
உச்சிமாகாளி எடுத்தான்.
"மாகாளி, புது லோடுல சோடா கொறச்சல்.
பன்னெண்டு டிகிரி."
"கூட்டணுமாக்கா?"
"கூட்டு. இல்லேன்னா விடியுறதுக்குள்ள
ரோலர்ல மக்கர் பண்ணும்."
அவன் யாரையோ கூவி அழைப்பது கேட்டது,
பின்னால் எரிவாயுவின் இரைச்சல்.

போனை வைத்துத் திரும்பினால்
டெலஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு
வேதமாணிக்கம்.
டீ அப்படியே இருந்தது.
நுனி ஏழு கோடு இறங்கியிருந்தது.
உலையை அணைக்கக் கை நீட்டினேன்.

"இருங்கக்கா" என்றான்,
"இது போகுது."