ஒரு நெல் இடைவெளி

பகல் முழுக்க
பலதுறை மருந்தகத்தின் நான்காம் அறையில்
வருகிறவர் கையில் பட்டை சுற்றி, காற்றேற்றி,
எண்ணைப் பார்த்துச் சொல்வேன்:
உப்பைக் குறைங்க.
கருவாடு, ஊறுகாய், சோயா சாஸ்
எல்லாத்தையும் குறைங்க.
தலையாட்டுவார்கள்.
அடுத்த முறையும் அதே எண்ணோடு வருவார்கள்.

மாலையில்
புக்கிட் பாத்தோக், பதினோராம் மாடி.
கண்ணாடி அலமாரியைத் திறந்தால்
ஆறு தட்டுகள்,
படகு மாதிரி ஒரு குழம்புக் கிண்ணம்,
மூடியில்லாத தேநீர்க் குடுவை ஒன்று.
எல்லாமே உப்பு.

ஸ்டாஃபர்ட்ஷயரில்
இருநூற்று அறுபது வருடங்களுக்கு முன்
சூளை வெளுத்துக் கனன்ற நேரம்
ஒருவன் மேலே ஏறி
துளை வழியாக உப்பை அள்ளிக் கொட்டினான்.
வெடித்து ஆவியான உப்பு
மண்ணுக்குள் இருந்த மணலைத் தேடிப் போய்
அதன்மேல் கண்ணாடியாக உட்கார்ந்துகொண்டது.
ஊரே இருமியிருக்கும்.
உப்பிட்டவரை நினை என்கிறார்கள்.
இந்த உப்பிட்டவன் பெயரை
யாரும் எழுதி வைக்கவில்லை.

விரல் வைத்தால் ஆரஞ்சுத் தோல்.
ஏசி அறையில் புல்லரித்த கை.
ஒரு தட்டில் கத்தி உரசிய சாம்பல் கோடுகள்,
எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து.
இடக்கைக்காரர் யாரோ
அவசரமாகத் தின்றிருக்கிறார்.
‘நாமும் ஒருநாள் மீன்குழம்பு ஊத்திப் பார்ப்போமே’
என்பார் நீலமேகம்.
அலமாரிச் சாவி என் கைப்பையில் இருக்கிறது.

இந்தத் தீவில் இதைச் சேர்ப்பவர்கள்
எனக்குத் தெரிந்து இரண்டே பேர்.
மற்றவர் ஜூ சியாட்டில் இருக்கும் குவெக் பூன் ஹாய்.
லண்டனில் மாலை, இங்கே நள்ளிரவு,
நான் சொன்ன விலைமேல் ஒவ்வொரு முறையும்
ஐந்து பவுண்டு ஏற்றியது அவர்தான் என்று
பார்சலுக்கு வரி கட்டும் வரிசையில் தெரிந்தது.
என் பெட்டியிலும் அவர் பெட்டியிலும்
ஒரே ஏலக்கடையின் முத்திரை.

அவரிடம் ஒரு மூடி இருந்தது.
உச்சியில் சின்னக் குமிழ், குடுவை இல்லாத மூடி.
நான் விலை கேட்டேன்.
அவர் என் குடுவைக்கு விலை கேட்டார்.
ஒன்பது வருடம்.
சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு கொடுத்தார்,
தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தேன்.
வைத்துப் பார்க்கலாமா என்று மட்டும்
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
பொருந்திவிட்டால்?

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு
அவரே வந்தார், வரிசை எண் அறுபத்திரண்டு.
நூற்று எழுபத்தெட்டு காட்டியது.
பழக்கத்தில் சொல்லிவிட்டேன்:
உப்பைக் குறைங்க.
பட்டை கழற்றும்வரை சிரித்தார்.
எழுந்து போகும்போது, கதவைப் பிடித்தபடி,
‘சனிக்கிழமை குடுவையைக் கொண்டு வாங்க’ என்றார்.

அவர் புளோக்குக் கீழே கோப்பிக் கடை.
குடுவையை மூன்று துண்டில் சுற்றி
ரயிலில் மடியிலேயே வைத்துப் போனேன்.
அவர் மூடியைக்
கால்பந்துக் காலுறை ஒன்றிலிருந்து எடுத்தார்.
மேசை துடைக்க வந்த பெண்
நின்று பார்த்தாள்.

வைத்தார்.
உள்ளே இறங்கியது. திருகினார்.
கடகடவென்று ஆடியது.
ஒரு நெல் அகலம் சிறியது.
வேறு குடுவையின் மூடி,
வேறு வீட்டின் தேநீர்.

எனக்கு முதலில் வந்தது மூச்சு.
அவருக்கும்தான், கேட்டது.
‘இவ்வளவுதானா’ என்று கேட்டு
மேசை துடைப்பவள் போய்விட்டாள்.

மூடி காலுறைக்குள் போனது.
‘அடுத்த ஏலம் பதினேழாம் தேதி,
எட்டாவது உருப்படியைப் பார்த்தீங்களா?’
பார்க்கவில்லை என்றேன்.
பார்த்திருந்தேன்.

அரைவேக்காட்டு முட்டை இரண்டு வந்தது.
சோயா சாஸ் பாட்டிலை எடுத்தார்.
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
மூன்று சொட்டு விட்டார்.
நான் குடுவையைத் துண்டில் சுற்றக் குனிந்தேன்.
நாலாவது சொட்டு
விழுந்திருக்க வேண்டும்.