குரும்பைப் பச்சை

ஸ்ரான்லி வீதிக் கண்ணாடிக் கடையில்
முற்பணம் கட்டி ஏழு மாதம்.
வெள்ளை கேட்டேன்.
"எல்லாரும் வெள்ளைதான் கேக்கினம் அன்ரி"
ரசீதில் முத்திரை குத்தினாள் டிலக்சனா.
நாற்பத்தொன்று.

தையில் முப்பத்தெட்டு.
பங்குனியில் மறுபடி நாற்பது.
பட்டியல் பின்னுக்கும் நடக்குமாம்,
கொழும்பில் யாரோ முழுக்காசையும் எண்ணி வைத்தால்.

கார் நுழைய வேணுமே என்று
படலையைக் கழற்றி
மதிலில் மூன்றடி உடைத்தோம்.
புதுக் கேற் இன்னும் வெல்டிங் கடையில்.
அங்கேயும் வரிசை.
மரியநாயகத்தின் ஆடுகளுக்கு மட்டும்
இலக்கம் கிடையாது;
வந்து செவ்வரத்தையை மொட்டையாக்கிப் போகின்றன.

நேற்று அழைத்தாள்.
"ஒண்டு நிக்குது அன்ரி, நாளைக்கே எடுக்கலாம்.
இருபத்திரண்டாம் நம்பர் ஐயா மோசம் போயிட்டார்.
மகன் வேண்டாமெண்டிட்டார்."
நிறம்?
"குரும்பைப் பச்சை. அவர் ஆசைப்பட்டுக் கேட்டது.
முன்னுக்கு நிக்கிற ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.
அவர் பெயரையாவது கேட்டிருக்கலாம்.

இரவு கயிறு கட்டப் போனால்
உடைத்த இடைவெளியில் இவர் நிற்கிறார்,
இரு கைகளையும் அகல விரித்து,
மெல்ல மெல்ல முன்னுக்கு நடந்து,
பக்கக் கண்ணாடி இடிக்குமோ என்று.