பதினான்காம் தட்டு

நவம்பரில் உமேயோவின் பகல்
கடைசிப் பேருந்து மாதிரி.
எட்டரைக்கு வரும், இரண்டரைக்குப் போய்விடும்.
மிச்ச வெளிச்சத்தை வளர்ப்பறையில் வைத்திருக்கிறேன்,
சாவி என் கழுத்தில்.

கடுகுக்குத் தூரத்துச் சொந்தம் இந்தச் செடி.
தரையோடு படுத்த இலைகள், காசளவு வட்டம்.
அதன் மரபணு ஒன்றின் வாயை அடைத்தோம்.
எப்படி என்று மகன் கேட்டான்.
அது சொல்லும் சொல்லையே
தலைகீழாக எழுதி உள்ளே விட்டோம், என்றேன்.
இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன;
சொல் வெளியே வரவில்லை.

வெயிலைப் பிடிக்கும் புரதம் அது.
மும்மூன்றாகக் கைகோத்து
ஒளியை ஏந்தி உள்ளே கைமாற்றும்.
அது இல்லாவிட்டால் செடி வெளுக்கும், சாகும் என்று
ஈவர் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினார்.
அந்த வாரமே விடுப்பில் போனார்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை,
நானும்.

பதினான்காம் தட்டு சாகவில்லை.
கொஞ்சம் வெளிறல், அதுவும்
பக்கத்துத் தட்டோடு வைத்துப் பார்த்தால்தான்.
ஜெல்லை ஓட்டினேன்.
காலியாக இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பட்டை.
கறை என்று நினைத்து மறுபடி ஓட்டினேன்.
மறுபடியும் இருந்தது.
எப்போதும் தனியாக நிற்கும் வேறொரு புரதம்
மும்மூன்றாகச் சேர்ந்து
அங்கே உட்கார்ந்திருந்தது,
யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

ஈவரின் மேசையில் இப்போது தூர்டிஸ்.
அவள் கோப்பை, அவள் கம்பளிக் கையுறை.
வியாழக்கிழமைக் கூட்டத்தில் தலைவர்
"ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்றார்.
செடியைத்தான் சொன்னார்.

ஜூனில் தட்டுகளை வெளியே கொண்டுபோனோம்,
முயல்வேலிக்குள், பிர்ச் மரங்களின் ஓரம்.
இங்கே விளக்கின் ஒழுங்கு கிடையாது.
மேகம் மூடினால் நிழல்,
விலகினால் முகத்தில் அறைகிற வெயில்,
ஒரு மணிக்குள் இருபது தடவை.
பதினான்கும் பூத்தது, காய்த்தது.
தூர்டிஸ் படம் எடுத்தாள்: நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்டில் காய்களை வெள்ளைக் காகிதத்தில் உடைத்து
ஊசிமுனையால் விதை எண்ணினேன்.
தும்மக்கூடாது. பதினொரு நாள்.
மற்றவை நூறு தந்த இடத்தில்
பதினான்கு எழுபது தந்தது.
எழுபத்தொன்று, ஒரு செடியில்.

பென்சில் வரியை அழிக்கவில்லை.
அதன் கீழே எண்ணை எழுதிவிட்டு
ஈவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.
ஆறாவது மணிக்கு எடுத்தார்.
வேறெதையும் கேட்கத் தெரியாமல்
எண்ணைச் சொன்னேன்.

வெகுநேரம் மூச்சு மட்டும்.
பிறகு, துருப்பிடித்த குரலில்:
"தரையில் சிந்தியதையும் சேர்த்து எண்ணினாயா?"