அரை அங்குலம்

குச்சவெளிக்கும் கிண்ணியாவுக்கும் நடுவில்
ஐஸும் மீனும் ஏற்றும் ஹைலக்ஸ்.
எண்பத்து நாலாம் ஆண்டுப் பிறப்பு,
இரண்டு கதவு, ஏழரை அடிப் பெட்டி.
கன்னியா வீதியில் என் பட்டறை வாசலில் நிறுத்தி
இஞ்சினை அணைக்காமலே சொன்னா சஃபீனா:
"இன்னும் ரெண்டு கதவு வேணும்."

"பெட்டி குறையும்."
"குறையட்டும்."
"ஐஸ்பெட்டி நாலு ஏறாது. ரெண்டுதான்."
"கணக்குப் பாத்துட்டுத்தான் வந்தன்."
பின்னால் தார்ப்பாயை விலக்கி
மூன்று தலைகள் எழும்பின,
முடியெல்லாம் மீன்செதிள்,
பள்ளிக்கூடச் சட்டையில்.

வெட்டுவதற்கு முன் ஒரு பகல் முழுக்க அளந்தேன்.
சோக்கட்டி, நூல், தூக்குக்குண்டு.
நாற்பது வருடம் புல்மோட்டை வீதியில் ஓடினால்
செசி கொஞ்சம் இடப்பக்கம் சாயும்,
ஒரே தோளில் மூட்டை தூக்கினவன் நடைபோல.
அந்தச் சாய்வையும் சேர்த்துத்தான்
கோடு கீற வேண்டியிருந்தது.

கிரைண்டர் கெபினின் பின்சுவரில் இறங்கியதும்
இடுக்கிலிருந்து கொட்டின
துரு, கடல்மணல், காய்ந்த நெத்தலி இரண்டு,
ஒற்றைக் காதுவளையம்.
கழுவிக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"என்ட இல்ல" என்றா.
வாகனம் நாலு கை மாறினது, என்றேன்.
உண்மையும் அதுதான்.
ஆனாலும் அன்றைக்கு அவ தேத்தண்ணி குடிக்கவில்லை.

கதவுகள் ஒரு சோடியாகக் கிடைக்கவில்லை.
இடது, தம்பலகாமத்தில் வாய்க்காலுக்குள் புரண்ட டபுள்கெப்பில்.
வலது, கந்தளாயில் உபாலியின் இரும்புக்கடையில்,
யானை மோதிய ஒன்றில்;
முன்பக்கம் அப்பளம்,
பின்கதவில் ஒரு கீறலும் இல்லை.
பொருத்திப் பார்த்தால்
ஜன்னல் விளிம்பு அரை அங்குலம் இறக்கம்.

"பட்டி போட்டு மூடு மச்சான்,
ஆர் பாக்கப் போறான்" என்றான் ரொசைரோ.
கண்ணை மூடலாம்.
மழைக்குப் பட்டி தெரியாது.
பிணைச்சலைக் கழற்றினேன், பூட்டினேன், கழற்றினேன்.
மூன்றாம் நாள் இரவு
கால் அங்குலத்தோடு கைவிட்டேன்.
மிச்சத்துக்கு ரப்பர் பட்டி,
அதற்குமேல் வெள்ளைப் பெயின்ற்.

ஒப்படைக்கும் நாளில் ரஜாப்தீன் வந்தார்,
அவவின் கணவர்.
கதவுகளைப் பார்க்கவில்லை.
நேரே ஏறிப் பெட்டியில் படுத்தார்.
வள்ளம் வரும்வரை இரவிரவாக
அதில்தானாம் அவர் படுக்கை.
முழங்கால் மடங்கியது.
தலையைத் திருப்பிப் பார்த்தார், அப்பவும் மடங்கியது.
"இனிக் காலை எங்க நீட்டுறது?"
சஃபீனா பின்கதவைத் திறந்து பிடித்தா.
பழைய வானிலிருந்து கழற்றிய நீள ஆசனம்.
"உள்ள படுங்க. கண்ணாடியை ஏத்தினா
நுளம்பும் வராது."
அவர் கொஞ்சநேரம் பெட்டியிலேயே கிடந்தார்,
மடங்கின காலோடு,
வானத்தைப் பார்த்தபடி.

பரிசோதிக்க வந்த அதிகாரி
நாலு கதவையும் ஒவ்வொன்றாய் அடித்துச் சாத்தினார்.
நாலாவதில் நின்றார்.
மறுபடி சாத்தினார்.
"இது வேற சத்தம்."
யானை என்றேன்.
சிரித்துக்கொண்டே செசி இலக்கத்தைக் குறிக்க
அடியில் புகுந்தார்.

மார்கழியில் ஒருநாள் கிண்ணியாப் பாலத்தில்
மோட்டார்சைக்கிளில் நனைந்துகொண்டு போகிறேன்.
என்னை முந்தினது வெள்ளை ஹைலக்ஸ்,
பின்னால் இரண்டே இரண்டு ஐஸ்பெட்டி.
கண்ணாடியில் ஒட்டின கன்னம் ஒன்று, வாய் திறந்த நித்திரை.
அந்தத் தலைக்கு நேர்மேலே
வலது கதவின் விளிம்பு நீளத்துக்கு
நீலப் பழந்துணி ஒன்றை மடித்து
இறுக்கிச் செருகியிருந்தார்கள்.

அவ ஒருநாளும்
முறைப்பாடு சொல்ல வந்ததில்லை.
மிச்சக் காசைக்கூட
சொன்ன திகதியில் கொண்டுவந்து தந்தா.

மழைக்குள் ஹோர்ன் அடித்தேன்.
அது எதிரே வந்த பஸ்ஸுக்கென்று நினைத்து
ஒதுங்கி வழிவிட்டார்கள்.