மூன்று மணி வரை தண்ணீர் வராது

அன்று காலை அவன் குரலை முதலில் கேட்டவன்
அணைக்கட்டில் வேலை பார்க்கும் ரெமிஜோ.
"இரண்டு பேர் இறங்குகிறோம்.
மூன்று மணி வரை மதகைத் தொடாதே."
கைபேசியை நீர்புகாத டப்பாவில் போட்டு
மூடியைத் திருகினான்.
இரண்டு பேர்.
பதினோரு நாளாக எங்கள் வீட்டில்
இந்தக் கணக்கை யாரும் போடவில்லை.
காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்:
என்னைக் கேட்காமல் அவன் விற்ற ஒரு மேசை.

டிச்சீனோவின் செஸ்ட்நட் காட்டுக்குள்
ஒன்றரை மணி நேரம் ஏறினோம், இறங்குவதற்காக.
ஓடை விளிம்பில் ரப்பர் உடைக்குள் புகுந்தோம்.
அதை முழங்காலுக்கு மேல் இழுக்கும்போது
எவருக்கும் கௌரவம் மிஞ்சுவதில்லை.
முதுகு ஜிப்பைத் தானே மூடிக்கொள்ள முடியாது.
திரும்பி நின்றேன். மூடினான்.
அதைப் பேச்சுக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பாறை இடுக்குக்குள் மொழி சிறியது.
ஒரு விசில்: நில்.
இரண்டு: இன்னும் கயிறு விடு.
மூன்று: மேலே.
நான்கு: நான் கழன்றுவிட்டேன், நீ வரலாம்.
வருந்துகிறேன் என்பதற்கு விசில் கிடையாது,
தேடிப் பார்த்துவிட்டேன்.

முதல் அருவி.
பாறையில் இரண்டு ஆணி, ஒரு சங்கிலி, ஒரு வளையம்.
பின்பக்கமாகச் சாய்ந்து
உடம்பின் எடை மொத்தத்தையும்
உள்ளங்கையளவு உலோகத்திடம் ஒப்படைக்கும் நொடி
எத்தனை வருடமானாலும் பழகுவதில்லை.
தலைக்கவசத்தின் மேல் மூட்டை மூட்டையாய்
யாரோ அரிசி கொட்டினார்கள்.
மார்பு மட்டும் வெளுத்த ஒரு பழுப்புக் குருவி
அருவியைக் கிழித்துக்கொண்டு
பின்னாலிருந்த கூட்டுக்குப் போனது, வந்தது,
கயிறில்லாமல்.

இரண்டாவது, இருபது மீட்டர்.
கயிற்றை உருவும்வரை
திரும்பிப் போக ஒரு வழி இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.
உருவிய பின் ஓடை போகும் திசைதான்.
இழுத்தான். வந்தது. வந்தது.
வால் வளையம் தாண்டி விழுந்து
பாதிச் சுவரில் ஒரு வெடிப்பில்
பல்லிடுக்கு நார்போல மாட்டிக்கொண்டது.

அவன் உலுக்கினான். நான் உலுக்கினேன்.
பிறகு இருவரும் சேர்ந்து தொங்கினோம்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
எண்ணியது யார், தெரியவில்லை.
பாறை அசையவில்லை.

மணி ஒன்று ஐம்பது.

எர்சீலியோ கத்தியை எடுத்தான்.
எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.
மேசையை விற்றபோது பார்க்காத பார்வை.
உச்சந்தலையில் கை வைத்தேன்,
சரி என்பதற்கு இங்கே அதுதான் சைகை.
புதுக் கயிறு. பன்னிரண்டு மீட்டர் சுவருக்கே போயிற்று.
மிச்சத்தைக் கை விரித்துப் பாகம் பாகமாக அளந்தோம்.
முப்பத்தெட்டு.
கடைசி அருவி பதினேழு, இரட்டித்தால் முப்பத்து நான்கு.
அவன் நான்கு விரல் காட்டினான்,
அதை வைத்து ஒரு குடும்பமே நடத்தலாம் என்பதுபோல.

கடைசியில் நான் முதலில் இறங்கினேன்.
கயிற்று முனை தண்ணீரைத் தொடுகிறதா
மேலிருந்து தெரியாது.
நம்பித்தான் போக வேண்டும், யாரை என்று கேட்காதீர்கள்.
தொட்டது.
நீந்திக் கரை சேர்ந்து நான்கு விசில்.

பாலத்தடியில் ஏறும்போது இரண்டு ஐம்பத்திரண்டு.
அவன் விரல் நீலம்பாரித்திருந்தது, மூடி திருக வரவில்லை.
நான் திருகினேன். நான் அழைத்தேன்.
"எத்தனை பேர் வெளியே?"
விதிப்படி கேட்டே ஆக வேண்டும், ரெமிஜோ கேட்டான்.
இவன் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தான்,
தாடி சொட்டச் சொட்ட.
"இரண்டு."
"நிச்சயமாக?"
"எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்."

தேவாலய மணி மூன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில்
ஓடை கனத்தது.
நாங்கள் ஏறிவந்த கற்கள்
ஒவ்வொன்றாக உள்ளே போயின.
மேலே எங்கோ எங்கள் ஆரஞ்சு வால்
புது வெள்ளத்தில் அடிபட்டுக்கொண்டிருக்கும்.
"அந்த மேசை," என்று தொடங்கினான்.
மீதி இரைச்சலில் போயிற்று.

கழுத்தில் விசில் இன்னும் தொங்கியது.
இரண்டு முறை ஊதினேன்.