காரணம்: தெரியவில்லை

செவ்வாய் இரவு 1:52.
வியாழன் காலை 6:10, ரயில்கள் ஓடத் தொடங்கிய பிறகு.
வெள்ளி ஒன்றுமில்லை.
சனி மட்டும் நான்கு முறை.
மின்னஞ்சல் சர்வர் விழும், தானே எழும்,
முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் வேலையைத் தொடரும்.
டிக்கெட்டில் ஒரு கட்டம்: காரணம்.
பதினேழு நாளாக அதில் நான் எழுதுவது
தெரியவில்லை.

வெய் ஷியாங் சூட்டைச் சந்தேகித்தான்.
தை செங்கில் எங்கள் நான்காம் மாடிக் குளிரில்
ஸ்வெட்டரின் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டே
அதைச் சொன்னான்.
மெமரியை மாற்றினோம். மறுநாள் விழுந்தது.
கேபிளை மாற்றினோம். அன்றே விழுந்தது.
ஏழாம் மாதம் அல்லவா, என்றான் பிறகு.
கீழே புல்தரையில் யாரோ தாள் எரித்த வாசனை
அவன் சட்டையோடு மேலே வந்திருந்தது.
ஹஸ்லினா சிரிக்கவில்லை.
"பேய்க்குக்கூட ஒரு நேரம் உண்டு.
இதற்கு அதுவும் இல்லை."

விழும்போது சர்வர் தன் நினைவை
அப்படியே நகலெடுத்துப் போட்டுவிட்டுச் சாகும்.
மூன்று இரவுகள் அதைப் படித்தேன்.
எண்கள், எண்கள்.
கோப்பி-ஓ ஆறிப்போய்
பிளாஸ்டிக் பையோடு கம்பியில் தொங்கியது.
மூன்றாம் இரவில் எண்களுக்குள் ஒரு முகச்சாயல்:
ஈ பூஜ்ஜியம், ஏ ஈ.
அட, இது நம்ம ஆள்.
அடையாள அட்டையில் ஆங்கிலமாக நிற்கும் என் பெயரைத்
தமிழில் எழுதினால், உள்ளே
இப்படித்தான் தொடங்கும்.

தலைப்பு வரி:
மூன்று மாதச் சம்
அதோடு முறிந்திருந்தது.
மறு துண்டில்
ளம் வரவில்லை ஐயா.
நடுவில் ஒரு ப.
ப-வுக்கு மூன்று பைட்.
ஏதோ மலிவான செயலி
வரியின் நீளத்தை மட்டும் எண்ணி வெட்டியதில்
ஒன்று இந்தத் துண்டில்,
இரண்டு அந்தத் துண்டில்.

எங்கள் வடிகட்டி முதல் பைட்டைப் பார்க்கிறது,
மீதி இரண்டும் வந்தே தீருமென்று நம்பித்
தன் எல்லைக்கு வெளியே கை நீட்டுகிறது.
பக்கத்து வீட்டில் யாராவது இருந்தால்
கிடைத்த குப்பையை வாங்கிக்கொண்டு திரும்பும்,
புரியாமல்,
பிறகு பார்க்கலாமென்று வரிசையில் போடும்.
பக்கத்தில் வீடே இல்லையென்றால்
விழும்.
நாங்கள் பயந்த தற்செயல் இவ்வளவுதான்.

அனுப்பியவர் மருதையன்.
பெறுவது எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சம்பளப் பிரிவு.
கடிதத்தின் உடலைப் படிக்க எனக்கு அனுமதியில்லை.
படிக்கவில்லை.
தலைப்பைப் படித்தது வேலை.
வரிசை அதைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது,
ஐந்து நிமிடம், பத்து, இருபது, நாற்பது.
நடுநடுவே அவரும் புதிதாக ஒன்று
அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.
மொத்தம் ஆறு.
நாங்கள் விசிறியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

திருத்தம் ஒரே வரி: எல்லை வந்தால் நில்.
4:26க்கு ஓடவிட்டேன்.
ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின.
சேர்ந்தது. சேர்ந்தது. சேர்ந்தது.
மற்ற மூன்றையும் நான் பார்ப்பதற்குள்
திரை மேலே ஓடிவிட்டது.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் ஹஸ்லினா.
சொன்னேன்.
"எந்தக் கம்பெனி?"
சொல்லக்கூடாது. சொன்னேன்.
குளிர்ந்த காப்பியை எடுத்து
அவளே குடித்துவிட்டாள்.

காரணம்: தலைப்பில் பாதியாக வந்த ஓர் எழுத்து.
வெய் ஷியாங் படித்துவிட்டு, எந்த மொழி, என்றான்.
டிக்கெட்டை மூடினான்.

திங்கள் காலை 9:03.
சர்வர் விழவில்லை.
பதிவில் புதிதாக ஒரு வரி,
அதே தலைப்பு, ஏழாவது முறை,
ப முழுசாக இருக்கிறது.