தேவைக்கேற்பச் சிரிப்பொலி

ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது:
சிரிப்பொலி, பதிவு செய்தது, தேவைக்கேற்ப.
ரெக்ஸ் அண்ணை எனக்கு அதைக் காட்டி
ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்தார்.

ஸ்கார்பரோவில் ஒரு கல்யாண மண்டபம்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
உள்ளே நானூறு கதிரை, நூற்றெழுபது பேர்.
குடைக்கம்பி கோதண்டம்
வெல்வெட் கோட்டில் மேடைக்கு வந்தார்.
கம்பியைத் தேடினேன். துணி மட்டும்தான்.

மூன்று பேரை அறைந்தார்:
கூட வந்த பையன், ஒரு குட்டையன், பெண் வேடமிட்டவன்.
முன்வரிசையில் பருத்த பெண் ஒருத்தியைக் காட்டி
என்னவோ சொன்னார்.
அவள் சிரித்தாள், கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டு.
நான் பொத்தானை அழுத்தினேன்.
யாரோ வெள்ளைக்காரர்
எந்தக் காலத்திலோ எதற்கோ சிரித்தது
ஸ்பீக்கர் வழியே வந்து, நின்றது.

எண்பத்தொன்பதில்
பேஸ்மென்டில் ஒன்பது பேர், ஒரு ஹீட்டர்,
இரண்டு டாலர் வாடகைக்கு எடுத்த கசெட்.
வட்டிக்காரன் அறைகிறான்.
கோதண்டம் கன்னத்தைத் தடவி,
விரல்விட்டுக் கணக்குப் பார்த்து,
"அண்ணே, இது வட்டிக்கா, அசலுக்கா?"
கடன்பட்டு விமானம் ஏறிய ஒன்பது பேரும்
உருண்டோம்.
யோகேந்திரன் தன் கன்னத்தில் தானே அறைந்து
அசலுக்கு, அசலுக்கு என்று
சிரிப்பிலேயே அழுதான்.

"வயது போயிட்டுது" என்றார் ரெக்ஸ் அண்ணை.
"எழுதிக் குடுத்தவன் செத்துப்போனானாம்" என்றான்
வயர் சுற்றுகிற பொடியன்.
இருக்கலாம்.
இப்போது அவரை அறைய ஒருவருமில்லை,
ஒப்பந்தத்தில் அதுவும் உண்டு.
எனக்கும் வீடு இரண்டு.
ஒன்றாம் திகதி
பேஸ்மென்ட் கதவைத் தட்டுகிறவன் நான்.

முடிந்து, கார் நிறுத்துமிடத்தில்
கோதண்டம் வழுக்கினார்.
முதலில் இடது கால்,
பிறகு தொப்பி,
பிறகு காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்த
அந்த இரண்டு கைகள். அதே கைகள்.
கடைசியாக, முழு மனிதர்.

நாலு பேர் ஓடினோம். ஐயா, ஐயா.
அவர் எழும்பவில்லை.
ஐஸில் மல்லாந்து கிடந்தபடி
எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
ஒரு விநாடி. இன்னொன்று.
காத்திருந்தார்.

எனக்கு நுனிநாக்கில் நின்றது
அந்த வட்டி, அந்த அசல்.
அதற்குள் ரெக்ஸ் அண்ணை
அம்புலன்சுக்கு அடித்துவிட்டார்.
கோட்டெல்லாம் வீதி உப்பு.
தட்டிவிட்டேன்,
நோகாமல்.